செருப்புப் பெட்டிக்குள் ஓர் அடுப்படி

முழு வீடு வேண்டாம். முதன்முறை செய்பவருக்கு ஓர் அடுப்படி போதும், அதிலும் ஒரு மூலை போதும். பொம்மை வீட்டின்மேல் ஆசை வந்தவுடன் மாடி, படிக்கட்டு, முற்றம் என்று பெரிய திட்டம் போட்டு, இரண்டு சுவர் எழும்பியதும் அலுத்துப்போய்ப் பரணில் ஏற்றிவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மூலையை எடுத்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்து மாலை நேரங்களில் முடிந்துவிடும். முடித்த பொருள் ஒன்று கண்முன் இருந்தால்தான் அடுத்ததற்குக் கை போகும்.

இங்கே நாம் செய்யப்போவது விறகடுப்பு எரிந்த பழைய கிராமத்து அடுப்படி. என் அப்பத்தா வீட்டு அடுப்படியைச் செய்துதான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன், அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன். உங்களுக்குத் திண்ணையோ, மாமாவின் பெட்டிக்கடையோ, தையல் மெஷின் கிடந்த ஜன்னலோரமோ மனதில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முறை ஒன்றுதான். ஆனால் நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்து எழுந்த இடமாக இருக்கட்டும். எங்கோ பார்த்த படத்தை வைத்துச் செய்தாலும் அழகாகவே வரும். ஆனால் விளக்குமாறு எந்த மூலையில் சாய்ந்திருக்கும், சுவரில் எந்த உயரம் வரை எண்ணெய்க் கறை ஏறியிருக்கும் என்பதைப் படம் சொல்லாது.

அடிக்கு ஓர் அங்குலம்

பொம்மை வீடு செய்கிறவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு 1:12. அதாவது நிஜத்தில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலம். வீட்டு அளவை இன்னும் அடிக் கணக்கில் பேசுகிற நமக்கு இது மிகவும் வசதி. ஏழடிக் கதவு ஏழு அங்குலம், ஐந்தரை அடி ஆள் ஐந்தரை அங்குலம். பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்று பன்னிரண்டு அடிச் சுவர். சென்டிமீட்டர்தான் பழக்கம் என்றால், 30 செ.மீ. பொருள் 2.5 செ.மீ. ஆகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கிலாந்து அரசி மேரிக்காக 1921 முதல் 1924 வரை கட்டிய பொம்மை வீடும் இதே அளவுதான். அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், டெல்லியில் இப்போது குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் கட்டடத்தை வடிவமைத்த அதே லட்யன்ஸ். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும். இன்றைக்கும் வின்ட்சர் கோட்டையில் அதைப் பார்க்கலாம். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே டச்சு நாட்டில் வசதியான வீட்டுப் பெண்கள் பெரிய அலமாரிக்குள் அறை அறையாக அமைத்திருக்கிறார்கள். பெட்ரோனெல்லா ஊர்ட்மான் என்ற பெண்மணி அமைத்தது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவையெல்லாம் குழந்தை விளையாடுவதற்காகச் செய்தவை அல்ல. பெரியவர்கள் தங்களுக்காக, உட்கார்ந்து பார்த்து ரசிப்பதற்காகச் செய்தவை. இந்த வயதில் பொம்மையா என்று யாராவது கேட்டால் தயங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கொலுப் படிக்குக் கீழே பார்க் போட்டு, கடுகும் கேழ்வரகும் தூவிப் பயிர் வளர்த்து, கோயில் குளம் வைத்த நம் வீட்டுப் பெரியவர்களும் இதே வேலையைத்தான் செய்தார்கள்.

கொலுவில் வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் பொம்மையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அளவை. செஞ்சந்தனத்தில் கடைந்த மரப்பாச்சி ஐந்து, ஆறு அங்குல உயரத்தில் இருந்தால் நம் அடுப்படிக்குள் சரியாக நிற்கும். ஒன்பது அங்குலம் என்றால் தலை கூரையில் இடிக்கும். கடையில் வாங்கும் மரச் செப்புச் சாமானும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்துப் பக்கம் கடைந்து வரும் குடமும் உரலும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவை குழந்தையின் கைக்கு ஏற்ற அளவு, ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்ற கணக்கு அவற்றில் கிடையாது. அவற்றைத் தனிப் படியில் வையுங்கள், இந்தப் பெட்டிக்குள் கலக்க வேண்டாம்.

இப்போது ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்தி கோடு போடுங்கள். பொருளின் பெயர், நிஜ அளவு, சின்ன அளவு. வீட்டில் உள்ள சாமான்களை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். கண்மட்டம் மட்டும் கூடவே கூடாது. நான் முதலில் செய்த தண்ணீர்க் குடம் இரண்டு அங்குல உயரம் வந்துவிட்டது. தனியாகப் பார்க்கும்போது சின்னதாக, அழகாகத்தான் இருந்தது. மரப்பாச்சி பக்கத்தில் வைத்த பிறகுதான் அது இரண்டடி அண்டா என்று தெரிந்தது. குடம் ஓர் அடி என்றால் ஓர் அங்குலம்தான். தோசைக்கல்லும் அதே ஓர் அங்குல அகலம். இட்லி கால் அங்குலம். நாலு அங்குல டம்ளர் 8 மில்லிமீட்டர். ஒன்றரை அடி நுனி இலை ஒன்றரை அங்குலம். இந்தக் கணக்கு நோட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நினைவில் இல்லாததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தண்ணீர்ப் பானை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அத்தைக்கு போன் போட்டேன். "வாசப் பக்கம்தாண்டி இருந்துச்சு. அடுப்புக்கிட்ட வச்சா தண்ணி சூடேறிப் போகும்ல?" என்றார். அதோடு நிற்காமல் உறி தொங்கிய இடம், பூனை வந்துபோகும் ஜன்னல், உப்புச் சாடியை ஏன் தனியாக வைப்பார்கள் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். அந்த அரை மணி நேரத்தில் எழுதிக்கொண்டதுதான் என் அடுப்படிக்கு வரைபடம்.

பெட்டியைத் தயார் செய்வது

பெரியவர்களின் ஷூ வரும் அட்டைப்பெட்டி ஏறக்குறைய 13 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 5 அங்குல ஆழம் இருக்கும். மூடியை எடுத்துவிட்டு, திறந்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நிறுத்துங்கள். இப்போது 13 அடி நீளமும் 8 அடி உயரமும் 5 அடி ஆழமும் உள்ள இடம் கிடைத்துவிட்டது. பழைய அடுப்படிகள் தாழ்ந்த கூரை உள்ளவை என்பதால் இந்த உயரம் சரியாகப் பொருந்தும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. கட்டர், ஸ்டீல் ஸ்கேல், வெட்டுவதற்கு அடியில் வைக்க ஒரு பழைய அட்டை, ட்வீசர், தையல் ஊசி, பல்குச்சி, உப்புத்தாள், மெல்லிய பிரஷ் இரண்டு, ஃபெவிகால், பெயின்டில் வெள்ளை, கறுப்பு, பழுப்பு, செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, தங்க நிறம். கட்டரில் ஒரே இழுப்பில் அட்டையை அறுக்கப் பார்க்காதீர்கள். ஸ்கேலை அழுத்திப் பிடித்து மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் ஓரம் பிசிறில்லாமல் வரும், விரலும் தப்பிக்கும்.

அட்டைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் காயும்போது அந்தப் பக்கமாக வளையும். அதனால் வெளிப்பக்கத்துக்கும் ஒரு கை அடித்துவிடுங்கள். பெட்டி மெல்லியதாக இருந்தால் உள்சுவருக்கு இன்னோர் அட்டையை ஃபெவிகால் தடவி ஒட்டி, மேலே கனமான புத்தகம் வைத்து ஓர் இரவு விடுங்கள்.

சுவரை ஒட்டும் முன்பே மாடக்குழியை வெட்டிவிட வேண்டும். முக்கால் அங்குல உயரம், அரை அங்குல அகலம், மேலே வளைவு. உள்ளே தீப்பெட்டி அட்டையை மடித்துப் பின்பக்கமாக ஒட்டினால் குழி ஆகிவிடும். விளக்குக்கு ஒயர் போகும் ஓட்டையையும் இப்போதே போட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு, ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீரும் சாக்பீஸ் பொடியும் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் குறுக்கும் நெடுக்குமாக இழுங்கள். வழுவழுப்பாக வரக்கூடாது. வருடா வருடம் பொங்கலுக்கு மேலே மேலே அடித்த சுண்ணாம்பு கொஞ்சம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும்.

தரைக்கு நான் சொல்வது பழைய சிவப்புக் காவித் தரை. சார்ட் அட்டையை அளவாக வெட்டி, செங்கல் சிவப்பில் ஒரு துளி பழுப்பு கலந்து மெல்லியதாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். கடைசியில் நிறமில்லாத ஷூ பாலிஷைத் துணியில் தொட்டு மெருகேற்றுங்கள். கால் பட்டுப் பட்டுப் பளபளத்த தரையின் அடக்கமான மினுமினுப்பு வந்துவிடும். வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது.

கூரைக்கு ஓடு வேண்டும் என்றால், பார்சல் அட்டையின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரியுங்கள். உள்ளே இருக்கும் நெளிநெளித் தாள்தான் நம் ஓடு. ஒருநாள் காயவிட்டுச் செம்மண் நிறம் அடித்துவிடலாம்.

அஞ்சறைப்பெட்டியே காய்கறிக் கடை

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. காய்கறி, பழம் எல்லாம் களிமண்ணில் உருட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைத்து விரல் வலிக்க உருட்டிக்கொண்டிருந்த நாளில், கையில் ஒட்டியிருந்த கேழ்வரகைப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 18 மில்லிமீட்டர், அந்தச் செம்பழுப்பு நிறம். அப்படியே சின்ன வெங்காயம்! அன்றைக்கு அஞ்சறைப்பெட்டியையும் பருப்பு டப்பாக்களையும் ஸ்கேலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பச்சைப் பயறு நாலரை மில்லிமீட்டர் நீளம். பெருக்கினால் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நல்ல எலுமிச்சங்காய். பாதியை மஞ்சள் அடித்துவிட்டால் பழமும் காயும் கலந்த கூடை. சீரகத்துக்கு மேலே கோடு கோடாக இருக்கும், நீளம் ஆறு சென்டிமீட்டர் கணக்கு வரும். பச்சை அடித்தால் கோவைக்காய். கொத்தமல்லி விதையில் இருக்கும் வரிகள் நெல்லிக்காயின் வரிகளேதான், இளம்பச்சை போதும். கசகசாவைப் பச்சையில் தோய்த்தால் சுண்டைக்காய். மிளகைத் தக்காளியாக்கலாமா என்றால், அளவு சரி, ஆனால் சுருக்கம் காட்டிக்கொடுத்துவிடும். தக்காளியைக் களிமண்ணிலேயே செய்யுங்கள்.

சோறு வேண்டும் என்று அரிசியைக் கொட்டிவிடாதீர்கள். ஓர் அரிசி இங்கே ஏழு சென்டிமீட்டர் ஆகிவிடும், விரல் நீளம். வெள்ளை ரவைதான் நம் சோறு. ஃபெவிகாலில் பிசறி இலையில் சின்னக் குவியலாக வையுங்கள், அதன்மேல் பழுப்பு நிற பெயின்ட்டில் இரண்டு சொட்டு ஃபெவிகால் கலந்து விட்டால் குழம்பு ஊற்றிய மாதிரி பளபளப்பாக நிற்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தானியம் தானியம்தான், வண்டு வரும், எலியும் வரும். வெறும் வாணலியில் நன்றாகச் சூடேற்றி ஆறவைத்த பிறகுதான் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒட்டிய பிறகு மேலே மங்கலான வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள். பயறைச் சூடேற்றும்போது தீயை மிகக் குறைவாக வைக்க வேண்டும், வெடித்துவிட்டால் எலுமிச்சை போச்சு.

வீட்டிலேயே களிமண்

காற்றில் காயும் களிமண் கடையில் கிடைக்கிறது. வீட்டில் கிண்டுவது இன்னும் மலிவு, நுணுக்க வேலைக்கு இன்னும் நல்லது. கார்ன்ஃப்ளார் மாவு ஒரு டம்ளர், ஃபெவிகால் ஒரு டம்ளர், பேபி ஆயில் ஒரு மேசைக்கரண்டி, பூஞ்சை வராமலிருக்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு மேசைக்கரண்டி. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் அடிப்பிடிக்காத பழைய வாணலியில் கிண்டிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் திரிதிரியாகும், அப்புறம் அல்வா மாதிரி ஓரம் விட்டு ஒரே உருண்டையாகச் சுருண்டு வரும். அந்தப் பதத்தில் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் காய்ந்து வெடிக்கும். கை பொறுக்கும் சூட்டில், உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் மெழுகு போல வளையும். அந்த வாணலியையும் கரண்டியையும் இனிமேல் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இந்த மாவு காயும்போது சற்றுச் சுருங்கும், கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஒளி ஊடுருவவும் செய்யும். அதனால் அளவைவிடத் துளி பெரிதாகச் செய்யுங்கள், பிசையும்போதே வெள்ளை பெயின்ட் கலந்துவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும். தண்ணீர் பட்டால் ஊறிவிடும் என்பதால் கடைசியில் வார்னிஷ் கட்டாயம்.

முதலில் இட்லி செய்து பழகுங்கள். கால் அங்குல உருண்டையை இரண்டு பக்கமும் லேசாக அமுக்கிவிட்டு, பல்துலக்கும் பிரஷால் ஒருமுறை தட்டினால் இட்லியின் நுண்துளை வந்துவிடும். வடைக்கு நடுவில் ஊசி, மேலே காய்ந்த பெயின்ட் பிரஷில் பழுப்பைத் தொட்டும் தொடாமலும். கை முறுக்குக்கு மட்டும் களிமண்ணை மறந்துவிடுங்கள். எவ்வளவு மெல்லிதாக உருட்டினாலும் கயிறு போலத்தான் இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்புத் தையல் நூல் இரண்டு இழையை முறுக்கி, ஃபெவிகாலில் தோய்த்து, பிளாஸ்டிக் கவர்மேல் சுற்றுச் சுற்றாக வைத்துக் காயவிடுங்கள். கை முறுக்கில் இருக்கும் அதே புரி அப்படியே தெரியும்.

அடுப்பும் கல்லும் பாத்திரமும்

கிராமத்தில் பார்த்த மண் அடுப்பு பெரும்பாலும் கொடியடுப்பு. பெரிய அடுப்பில் விறகு எரியும், அந்தச் சூடு உள்ளே ஒரு துளை வழியாகப் பக்கத்துச் சின்ன அடுப்புக்கும் போகும். அங்கே ரசமோ பாலோ சூட்டில் இருக்கும். நீளம் இரண்டரை அங்குலம், உயரம் முக்கால் அங்குலம் என்று ஒரு களிமண் கட்டி எடுத்து, பென்சிலின் பின்முனையால் இரண்டு குழி போட்டு, முன்பக்கம் விறகு நுழையும் வாயை அகழ்ந்துவிடுங்கள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மூன்று குமிழ், பாத்திரம் உட்காருவதற்கு. காய்ந்த பிறகு செம்மண் நிறம், அதன்மேல் காவிப் பட்டையும் சுண்ணாம்புக் கோடும். கறிவேப்பிலைக் காம்பு காய்ந்தால் நல்ல விறகு. சாம்பலுக்கு ஊதுபத்திச் சாம்பலே போதும், ஃபெவிகால் தடவிய இடத்தில் தூவி, மிச்சத்தை ஊதிவிடுங்கள்.

அம்மி ஒன்றரை அங்குல நீளம், முக்கால் அங்குல அகலம். ஆட்டுக்கல் ஒன்றரை அங்குலக் குறுக்களவு. இவற்றின் உயிர் கல் நிறத்தில் இருக்கிறது. சாம்பல் நிறத்தை மட்டும் அடித்தால் சிமென்ட் போலத்தான் தெரியும். சாம்பல் காய்ந்ததும் பல்துலக்கும் பிரஷில் கறுப்பைத் தொட்டு விரலால் தெறிக்கவிட்டு, பிறகு அதேபோல வெள்ளை. பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்தவுடன் கருங்கல் ஆகிவிடும். அம்மியின் நடுவில் மட்டும் கொஞ்சம் குழிவாகத் தேய்த்து, அங்கே மிளகாய்ச் சிவப்பை ஒரு கீற்று விடுங்கள்.

பித்தளைக்குத் தங்க நிறத்தை நேராக அடிக்காதீர்கள். முதலில் கறுப்பு, அது காய்ந்ததும் பிரஷில் தங்க நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, மிச்சமிருப்பதை மேடான இடங்களில் மட்டும் தேய்க்க வேண்டும். இடுக்குகளில் கறுப்பு நின்றால்தான் புளி போட்டுத் தேய்த்த குடம் மாதிரி இருக்கும். சாப்பாட்டுத் தட்டுக்கு, ஓட்டலில் பார்சல் வரும் அலுமினியப் பெட்டியின் அடித்தகட்டை வட்டமாக வெட்டி, பத்து ரூபாய் நாணயத்தின்மேல் வைத்து ஓரத்தை மடக்கி அழுத்துங்கள். நாணயம் 27 மில்லிமீட்டர், ஒரு நல்ல எவர்சில்வர் தட்டின் கணக்கு. வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

நூல், நார், துணி

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கைவேலை எதுவாக இருந்தாலும் இங்கே இடம் உண்டு. குரோஷா தெரிந்தவர்கள் மெல்லிய தையல் நூலில் உறி பின்னலாம். சங்கிலிப் பின்னல் நாலு வரிசை போதும், அதற்குள் மோர்ச் சட்டி ஒன்று. எம்பிராய்டரி தெரிந்தவர்களுக்குத் தலையணை உறை. குவில்லிங் தெரிந்தவர்கள் காகிதப் பட்டையைச் சுருட்டி அடுக்கினால் கூடை, சுளகு, பிரிமணை மூன்றும் வரும். சிறு அட்டையின் இரு ஓரத்திலும் வெட்டுப்போட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, ஊசியால் குறுக்கே நெய்தால் கோரைப்பாய். பாய்க்கு ஓரத்தில் பச்சையோ சிவப்போ இரண்டு வரி விட மறக்காதீர்கள்.

விளக்குமாற்றுக்குத் தென்னை ஈர்க்கு தடிமன், அது இங்கே தடியாகத் தெரியும். தேங்காய் நாரைச் சீவி மூன்று அங்குலத்துக்குக் கட்டுங்கள்.

துணி விஷயத்தில் ஒரு சிரமம் இருக்கிறது. எல்லாவற்றையும் சிறியதாக்கலாம், துணியின் கனத்தையும் அது விழும் விதத்தையும் சிறியதாக்க முடியாது. கொடியில் போட்ட துண்டு விறைத்துக்கொண்டு நிற்கும். பழைய, துவைத்துத் துவைத்து நைந்த மல் வேட்டியின் துண்டை எடுங்கள். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, கொடியில் போட்டு, மடிப்புகளை ஊசியால் இழுத்துவிட்டு அப்படியே காயவிட்டால் இயல்பாகத் தொங்கும். துணிக்கும் பஞ்சுக்கும் உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். பருத்தியில் பட்டால் அது சூடேறும், விரலைச் சுடும் அளவுக்குப் போகலாம். உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.

புழங்கிய தடம்

எல்லாம் செய்து அடுக்கிய பிறகு பார்த்தால் ஏதோ குறைவாக இருக்கும். அளவு சரி, நிறம் சரி, ஆனால் கடையில் வாங்கிய சாமான் மாதிரி எல்லாமே புதிதாக நிற்கும். பலரும் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கென்னவோ இங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது என்று தோன்றும். அந்த அடுப்படியில் ஒருத்தி நாற்பது வருடம் சமைத்திருக்கிறாள். அது தெரிய வேண்டும்.

அடுப்புக்கு மேல் சுவரில் கரிப்பொடியை விரலால் தடவி மேல்நோக்கி இழுங்கள், கூரை வரை மங்கிக்கொண்டே போகட்டும். மாடக்குழியின் மேல் வளைவில் விளக்குப் புகைக்கு ஒரு தீற்று, அதன் கீழே எண்ணெய் வழிந்த தடத்துக்குப் பழுப்பு பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து ஒரு கோடு. பாத்திரங்களின் அடியில் கறுப்பு. தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்தில் தரை கொஞ்சம் அடர்ந்த நிறம், ஈரம் ஊறிய வட்டம். அடுப்புக்கு முன்னால், அவள் குந்தியிருந்த இடத்தில் மட்டும் தரை இன்னும் கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கட்டும்.

என் அப்பத்தா கதவு நிலையில் பால்காரருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பார், ஒரு கோடு ஓர் ஆழாக்கு. வெள்ளைப் பேனாவால் பதினோரு கோடு போட்டேன். அத்தை பெட்டியைப் பார்த்தபோது அடுப்பைப் பார்க்கவில்லை, அம்மியைப் பார்க்கவில்லை. அந்தக் கோடுகளைத்தான் விரலால் தொட்டு எண்ணினார்.

வெளிச்சம்

மஞ்சள் நிறக் குட்டி எல்.இ.டி. சரம் கிடைக்கிறது, 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் எரிவது. ஒரு விளக்கு மாடக்குழியில், ஒன்று அடுப்பு வாய்க்குள். அடுப்புக்குள் இருப்பதன்மேல் சிவப்பு ஜிகினாத் தாளின் ஒளி ஊடுருவும் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டால் கங்கு மாதிரி கனியும். ஒயரைச் சுவரின் ஓட்டை வழியாகப் பின்னால் எடுத்து, பேட்டரிப் பெட்டியை வெளியே ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் திருகாணி போட்டு மூடும் பேட்டரிப் பெட்டியை மட்டுமே வாங்குங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் ஒருசில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொலுவில் வைக்கும்போது நிஜ விளக்கையும் சாம்பிராணியையும் இதற்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் அட்டையும் நாரும்.

எடுத்து வைப்பது

நவராத்திரி முடிந்ததும் தளர்வான சாமான்களைத் தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றித் தீப்பெட்டிகளில் போட்டு, மேலே பெயர் எழுதுங்கள். ஒட்டிய பொருட்களின்மேல் உள்ள தூசியைக் காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, முழுப் பெட்டியையும் பழைய வேட்டியால் மூடி, இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்துவிடலாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஒழுகினால் சுவரெல்லாம் பாழாகும். பாச்சை உருண்டை போடாதீர்கள். கூரைக்கோ சுவருக்கோ தெர்மோகோல் வைத்திருந்தால் அது இளகி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த வேப்பிலையும் நாலு கிராம்பும் போதும்.

மூடுவதற்கு முன் பெட்டியைத் திருப்பி அடியில் பென்சிலால் எழுதிவிடுங்கள்: யார் வீட்டு அடுப்படி, எந்த ஊர், எந்தக் காலம், அளவு 1:12, தண்ணீர்ப் பானை இருந்த இடத்தைச் சொன்னது யார்.